வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

போன மாதம் எங்கள் ஆயர் வீட்டுக்கு வந்திருந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பானவர், கையில் லேப்டாப் இல்லாமல் பார்க்கவே முடியாது. சபையின் பழைய பதிவேடுகளையெல்லாம் படம் பிடித்து அதில் ஏற்றிவிட்டாராம். ஆலய விழாவுக்கு மலர் ஒன்று போடுகிறார்கள். அதில் ‘நம் சபையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று ஒரு கட்டுரை. சபையில் எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பதை வருஷவாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று விழுகிறது.

“எஸ்தரக்கா, இந்த எடத்துல மட்டும் ஏன் இப்புடி குறையுது? அப்ப நீங்கதானே ஆபீஸ்ல இருந்தீங்க?”

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இவர் தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே என் வாயைக் கிளறுகிறாரா? சபை அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்குக் கிட்டே எழுத்தராக உட்கார்ந்திருந்தவள் நான். யார் எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்றே என் புத்தி போகும். “யோசிச்சு எழுதித் தர்றேங்கய்யா” என்று சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

போகும்போது கமிட்டி எழுதிய வரைவு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘அன்றைய ஆயரின் அவசர முடிவினால் சில குடும்பங்கள் சபையை விட்டுப் பிரிந்தன.’

பொய். அவசரப்பட்டது அவர் இல்லை, நான். ஞானமுத்து ஆயர் இப்போது உயிரோடு இல்லை; வந்து மறுத்துச் சொல்லப்போவதும் இல்லை. இந்த வரி அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு. அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சபையின் வளர்ச்சி என்கிறார்களே, அதையும் நான் பார்த்தமட்டில் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். கிறிஸ்தவக் கோயில் என்றாலே இங்கே மாதா கோயில்தான். ஆங்கிலிக்கன் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்டோக்காரர் விழிப்பார். ‘மாதா இல்லாத கோயில்’ என்றால் நேரே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். பேரளத்திலிருந்து ரயில் வந்துகொண்டிருந்த காலத்தில், அந்த ரயில் வேலைக்கு வந்த நாலைந்து குடும்பங்கள் ஒரு குமாஸ்தா வீட்டுக் கூடத்தில் ஜெபப்புத்தகத்தைப் பிரித்துவைத்து ஆரம்பித்ததுதான் எங்கள் சபை. கூடம் போதாமல் போனதும், திருமலைராயன்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் தன் சரக்குக் கிட்டங்கியை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை சும்மாதான் கிடக்கு, வந்து ஓதிட்டுப் போங்க” என்றாராம். முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இது அப்படியே எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோதுகூட, ஒரு காகிதம்கூட எழுதாமல் எதற்காகக் கொடுத்தார், அவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் நான் யோசித்தேன். ஒன்றும் இல்லை. சும்மா கிடந்தது, கொடுத்தார். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று!

கிட்டங்கியிலிருந்து தருமபுரம் பக்கம் சொந்த இடத்துக்கு வந்தது, ஓட்டுக்கூரை போட்டது, அப்புறம் தளம் போட்டது. கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்தபிறகுதான் சபை நிஜமாகவே பெருத்தது. தூத்துக்குடியிலிருந்தும் நெல்லைப் பக்கத்திலிருந்தும் கிரேன் ஓட்டவும் சரக்கு இறக்கவும் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். காலையில் நிலக்கரித் தூசியோடு வீடு திரும்பி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்து நிற்பார்கள். பாட்டு பாடினால் கூரை அதிரும். நானும் நெல்லைச் சீமைக்காரிதான், வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனாலும் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் கொண்டுவந்திருக்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடும்.

வேலை கற்றுக்கொண்டதெல்லாம் ஆறே மாசம். எனக்கு முன்னால் இருந்த உபதேசியார் சொல்லிக்கொடுத்தது மூன்று விஷயம்: பதிவேட்டில் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது, பிழை வந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தி ஆயர் கையெழுத்து வாங்கவேண்டும். அவ்வளவுதான். மீதியை ஞானமுத்து ஆயரிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதிர்ந்து பேசமாட்டார். நாம் போய் நின்றால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி, மேசைமேல் நேராக வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். பேனா திறந்திருக்கிறது என்றால் நாம் சொல்வது அவர் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். யாரைப் பற்றி என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“இது பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?”

பார்த்தது என்றால் கண்ணால் பார்த்தது, இல்லாவிட்டால் காகிதத்தில் இருப்பது. கேட்டது என்றால் சம்பந்தப்பட்டவரை எதிரில் உட்காரவைத்து, ‘இது உண்மையா?’ என்று நேராகக் கேட்டது. போகிறபோக்கில் காதில் விழுந்ததை அவர் ‘கேட்டது’ என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். அதெல்லாம் ‘நினைச்சது’ பக்கம் போய்விடும். நினைச்சதுக்கு அவரிடம் மதிப்பே கிடையாது. “நினைப்பு வர்றது தப்பில்லம்மா. அத வச்சுக்கிட்டு யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது” என்பார்.

எனக்கு மண்டைக்கனம் ஏறியதற்கும் ஒரு கதை உண்டு. இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் அதற்கு ஒரு தனி மவுசு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார், அவருக்கு ஞானஸ்நானம் இந்தக் கோயிலில்தான் என்று சொல்லிக்கொண்டு வருஷத்துக்கு நாலு பேராவது வருவார்கள். அப்படி ஒருவர் வந்தார். கையில் பழுப்பேறிய சான்றிதழ், அதன் மேல் மடிப்பு, கறை, எல்லாம் இருந்தது. “நகல் மட்டும் போட்டுக் கொடுங்கம்மா, போதும்” என்று தேனாகப் பேசினார். நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘தருமபுரம் ஆலயத்தில்’ என்று எழுதியிருந்தது.

“ஏங்க, உங்க தாத்தாவுக்கு ஞானஸ்நானம் ஆன வருஷம் இந்த எடத்துல தென்னந்தோப்புதாங்க இருந்துச்சு. கோயில் அப்ப மரைக்காயர் கிட்டங்கில இருந்துச்சு” என்றேன்.

மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, குடையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார். ஆயர் அன்றைக்குப் பேனாவை மூடிவைத்துவிட்டு, “இது பார்த்தது. நல்லாப் பார்த்தீங்க” என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்குப்பிறகு என் மூக்குக்குத் தெரியாமல் இந்தக் கோயிலில் எதுவும் நுழையமுடியாது என்று நானே எனக்குப் பட்டம் கட்டிக்கொண்டேன்.

இனி செல்வி விஷயம்.

பொன்னையா அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தூத்துக்குடிக்காரர். வாஞ்சூர் பக்கம் குடியிருந்த எங்கள் சபைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர் மாதிரி. அவர் வந்தால் ஏழெட்டுக் குடும்பம் பின்னாலேயே வரும். அவருக்கு ஒரே மகள், ஜெபசெல்வி. பாண்டிச்சேரியில் நர்சிங் படித்து முடித்திருந்தாள். சபையிலேயே பழைய குடும்பம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அதில் இங்கே மிஞ்சியிருந்தவர் செசில் அம்மா ஒருத்தர்தான். கணவரின் பிரெஞ்சுப் பென்ஷனில் தனியாக இருந்தார். அவருடைய அண்ணன் மகன் ஆல்பெர், பாரீஸ் பக்கத்தில் வேலை. பையனுக்கும் செல்விக்கும் பேசி முடித்தார்கள்.

பொன்னையா அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். பிரான்சு மாப்பிள்ளை என்று சொல்லி, பதிவுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் கதையெல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது. “மூணு ஓலையும் கோயில்ல வாசிச்சு, பீடத்துக்கு முன்னால மோதிரம் போட்டபெறவுதான் எம்புள்ள எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடுவா” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

ஓலை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை அறிவிப்பார்கள். மணமாகாத இன்னாருக்கும் மணமாகாத இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்பார்கள். அதற்குப் பெயர் ஓலை வாசிப்பது. வாசித்ததும் ஓலைப் பதிவேட்டில் ஆயர் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போடுவார்.

செல்விக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மாப்பிள்ளை அனுப்பிய படிவத்தை நான் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ‘மணமாகாதவர் / துணையை இழந்தவர், பொருந்தாததை அடிக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். இரண்டையுமே அவன் அடிக்கவில்லை. மற்ற எல்லாக் கட்டத்தையும் அச்சு மாதிரி நிரப்பியிருக்கிறான், இதை மட்டும் ஏன் விட்டான்? எனக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது.

புதன்கிழமை அவனுடைய ஞானஸ்நான நகலை வாங்க செசில் அம்மா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார்.

“ஆல்பெர், மேரி கல்யாணம் முடிஞ்ச விஷயம் இங்க ஒருத்தருக்கும் தெரிய வேணாம்ப்பா. மூணாவது ஓலை முடியட்டும். பொண்ணோட அப்பா காதுல விழுந்துச்சு, அவ்ளோதான்!”

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மேரி! அங்கே ஒருத்தியைக் கட்டிவைத்துக்கொண்டு இங்கே எங்கள் பொண்ணுக்கு ஓலை வாசிக்கச் சொல்கிறானா, படுபாவி? மாதா இல்லாத கோயிலுக்குள் இப்படியா ஒரு மேரி வந்து நுழையவேண்டும்?

உள்ளே போனேன். செசில் அம்மா போனை வைத்துவிட்டு, “வா எஸ்தர், உக்காரு” என்று சிரித்தார். பிஸ்கட் கொடுத்தார். நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ‘யாரும்மா அந்த மேரி?’ என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள், தடயத்தை மறைத்துவிடுவார்கள் என்று என் புத்தி சொன்னது. போலீஸ்காரி பாருங்கள் நான்! பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆல்பெருக்கு அங்கே மேரி என்று ஒரு மனைவி இருக்கிறாள் என்று மட்டும் ஆயரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். படிவத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார்.

“இது பார்த்தது. சரி. மேரின்னு ஒரு பொண்ணு இருக்குங்கறது?”

நான் மேசைமேல் இருந்த படிவத்தைச் சரிசெய்தேன்.

“செசில் அம்மாகிட்ட கேட்டீங்களா?”

இந்த இடத்தில்தான் நான் நின்று நிதானித்து எழுதவேண்டும். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிரில் உட்காரவைத்து விசாரித்தாயா என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால், ‘அப்ப இது நினைச்சது, மொதல்ல போய்க் கேளுங்க’ என்று அனுப்பிவிடுவார். அதற்குள் ஞாயிறு போய்விடும், மூன்றாம் ஓலையும் போய்விடும். காதில் விழுந்தாலும் நம் தமிழில் கேட்டதுதானே? விசாரித்தாலும் கேட்டதுதானே? அந்த ஒரு சொல்லுக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன்.

“கேட்டேங்கய்யா.”

“என்ன சொன்னாங்க?”

“மேரி கல்யாணம் முடிஞ்சது இங்க ஒருத்தருக்கும் தெரிய வேணாம்னு சொன்னாங்க.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. அத்தனையும் பொய். ஆயர் பதிவேட்டை இழுத்து முன்னால் வைத்தார். அப்புறம் பேனாவைத் திறந்து, ஓலைப் பதிவேட்டில் மூன்றாம் கட்டத்தில் ‘தடை’ என்று எழுதினார். அன்று மாலையே பொன்னையா அண்ணனை நேரில் பார்த்துச் சொல்லிவிட வாஞ்சூருக்குப் போனார். கப்பல் வந்திருந்தது, அண்ணன் தொடர்ந்து வேலையில் இருந்தார். சனிக்கிழமையும் போனார். பார்க்கமுடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஓலை வாசிக்கும் நேரத்தில் ஆயர் மெதுவான குரலில், “ஜெபசெல்வி, ஆல்பெர் இவர்களுடைய மூன்றாம் ஓலை, தடை காரணமாக நிறுத்திவைக்கப்படுகிறது. இரு வீட்டாரும் ஆராதனை முடிந்ததும் என்னைப் பார்க்கவும்” என்றார். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. பொன்னையா அண்ணன் பாட்டுப்புத்தகத்தைக் கையில் வைத்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ஆராதனை முடிந்து ஆயர் அறையில் கூடினோம். கதவுக்கு வெளியே பாதிச் சபை நின்றது. செசில் அம்மா வந்த வேகத்தில் மேசையைத் தட்டினார்.

“என்ன தடைங்க? யாரு சொன்னது? என் அண்ணன் மவன் மேல என்ன குத்தம்?”

ஆயர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “மேரி யாருன்னு சொல்லுங்கம்மா. நீங்க போன்ல பேசுனத நான் கேட்டேன்.”

செசில் அம்மா ஒரு நிமிஷம் என்னை முறைத்துப் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மோந்தியே, கடவுளே! மேரின்னா ஆள் இல்லடி பைத்தியக்காரி! முனிசிபாலிட்டி! பிரான்சுல முனிசிபாலிட்டி ஆபீசுக்கு மேரின்னுதான் பேரு. பதிவுக் கல்யாணத்த எங்க வீட்ல மேரி கல்யாணம்னுதான் சொல்லுவோம். எங்க மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான்!”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் பொன்னையா அண்ணன் கேட்டார்.

“சரிங்கம்மா. பதிவுக் கல்யாணம் முடிஞ்சதுன்னு சொல்லுதீயளே, யார்கூட?”

செசில் அம்மா செல்வி பக்கம் திரும்பினார். செல்வி சுவரோரமாக நின்றிருந்தாள்.

“என்கூடத்தான்ப்பா.”

அண்ணன் திரும்பிப் பார்த்தார். “ஏளா, நீ போட்டியா கையெழுத்து?”

“போன லீவுல அவங்க வந்தப்பப்பா. பாண்டிச்சேரில. விசாவுக்குக் காகிதமெல்லாம் போகவே ஒரு வருஷம் ஆகுமாம்ப்பா. உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான்…”

அவள் அழுகையில் மீதி கேட்கவில்லை. அண்ணன் கோபப்படவில்லை, கையோங்கவில்லை. “அப்பம் எனக்காவத்தான் ஓலை வாசிச்சியளா? என்னய சமாதானப்படுத்தவா?” என்று கேட்டார். ஊர் முன்னால் அவர் வைத்த ஒரே நிபந்தனை அது. அதே ஊர் இப்போது கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வாஞ்சூர்க் குடும்பங்கள் ஒன்றும் வரவில்லை. அவருக்கு நடந்த அவமானம் தங்களுக்கும்தான் என்று சொல்லிவிட்டு, அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தனியாக ஜெபம் நடத்த ஆரம்பித்தார்கள். லேப்டாப்பில் கோடு விழுகிற இடம் அதுதான். ஆல்பெர் வந்தான், செல்வியைக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அப்பா விமான நிலையத்துக்குக்கூடப் போகவில்லை. பேரன் பிறந்தபிறகு போனில் பேசுகிறார் என்கிறார்கள். “நல்லா இருக்கியா, சாப்பிட்டியா” என்பதற்குமேல் இல்லையாம்.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு ஆயரும் நானும் மட்டும் அறையில் இருந்தோம். அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

“பதிவுக் கல்யாணம் முடிஞ்சவங்களுக்கு ஆசீர்வாத ஆராதனைன்னே ஒண்ணு இருக்கும்மா. ஓலையே வேண்டாம். மொதல்லயே தெரிஞ்சிருந்தா, பொன்னையா தம்பிய நானே உக்காரவச்சுப் பேசி, பொண்ணையும் பக்கத்துல உக்காரவச்சு, எல்லாத்தையும் நல்லபடியா முடிச்சிருப்பேன்.”

அப்புறம் கேட்டார். “கேட்டேன்னு சொன்னீங்களேம்மா?”

“காதால கேட்டேங்கய்யா.”

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். பதிவேட்டின் ஓரத்தில், ‘விசாரணை சரியாகச் செய்யப்படவில்லை. குறை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் அவரைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். அவரோ என் பெயரை எடுக்கவே இல்லை. நானும் அதே அறையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அவரைச் சொன்னதையெல்லாம் குண்டுகுண்டான கையெழுத்தில் எழுதினேன். மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு வாரமும் வாஞ்சூருக்குப் போய்ப் பொன்னையா அண்ணன் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். டீ கிடைக்கும். அண்ணன் மட்டும் கோயிலுக்கு வரவே இல்லை.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்! பின்னால் எதற்காவது பயன்படுத்தப்போகிறாரோ, எனக்கு எதிராக எதையாவது எழுதிவைத்திருக்கிறாரோ என்று, அவர் மாற்றலாகிப் போனபிறகு அலமாரியில் ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சீட்டுகூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், செல்வி அலுவலகத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள், முகம் வாடியிருந்தது. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“அக்கா, ஐயா இருக்காங்களா? ஒண்ணு சொல்லணும்.”

ஆயர் பக்கத்து அறையில்தான் இருந்தார். வாஞ்சூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் இவளைத் தூண்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், ஆயர் மனதைக் கரைக்க வந்திருக்கிறாள் என்றது.

“ஐயா இல்லம்மா. நாளைக்கு ஆராதனைக்கு வருவல்ல, அப்ப பாத்துக்க.”

“உங்ககிட்ட சொல்லட்டுமாக்கா?”

“எனக்கு வேலை கெடக்கு, செல்வி.”

அவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் பேனா திறந்தே இருந்தது.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று இளம் ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, கடைசிப் பக்கம்வரை நின்றுகொண்டே படித்தார்.

“அக்கா, இத மலர்ல போட்டா ஊர் பூரா உங்களப் பத்திப் பேசுவாங்களே?”

“போடுங்கய்யா. பதிவேட்டு ஓரத்துலயும் சிவப்பு மையில எழுதுங்க. ஆயர் சரியாத்தான் விசாரிச்சாரு, எழுத்தர்தான் மறச்சிட்டாங்கன்னு. எனக்கு இப்ப அதுல எழுத அதிகாரம் இல்ல. நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

சரி என்று தலையாட்டினார். பதிவேட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். ஞானமுத்து ஆயரின் சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருந்தது. பக்கத்தில் மூன்றாம் ஓலையின் கட்டம். இளம் ஆயர் பேனாவைக் கையில் எடுத்தவர், எழுதாமல் மூடி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவருக்கு இந்தப் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

“செல்வியக்காகிட்டயும், அவங்க அப்பாகிட்டயும் மன்னிப்பு கேட்டீங்களாக்கா?”

இந்தத் தடவை ஒளிந்துகொள்ள அந்தச் சொல்லுக்குள் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் நான் ஒளிந்திருக்கமாட்டேன்.

“இல்லைங்கய்யா” என்றேன். “இன்னும் கேக்கல.”